பறை: யார் கையில், யார் சாவுக்கு?

போன தை மாசம் பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. பொங்கலை ஒட்டி வந்ததால் தமிழர் பண்பாட்டு விழா என்று பேனர் கட்டியிருந்தார்கள். எங்க அக்கா மகள் அங்கே எட்டாவது படிக்கிறாள். பறையாட்டத்தில் தானும் இருப்பதாகப் போன் பண்ணினாள். போனேன்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். காலில் சலங்கை, இடுப்பில் சிவப்புத் துண்டு. நன்றாகத்தான் ஆடினார்கள், பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையில் இருந்தது பறை இல்லை. பைபரில் செய்த வட்டம். நெருப்புக் காட்ட வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், பனியிலும் மழையிலும் ஒரே சத்தம். தகரத்தில் கல் விழுகிற சத்தம். முடிந்ததும் அந்த ஆசிரியரிடம் கேட்டேன், ஏன் சார், தோல் கட்டின பறை கிடைக்கலையா என்று. "கிடைக்கும் சார். மாட்டுத்தோல் பாருங்க, பெத்தவங்க சில பேரு சங்கடப்படுவாங்க. பொருள் வைக்கிற ரூம்ல சரஸ்வதி படம் வேற மாட்டியிருக்கோம்" என்றார். நல்ல மனுசன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எம்.ஏ. தமிழ் படித்தவன், கூட்டம் போராட்டம் என்று அலைகிறவன் என்பதால் இரண்டு நிமிசம் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர் பறை ஆதித்தமிழனின் இசை, அதில் சாதி கிடையாது, சாதி பேசுகிறவன் தமிழனே கிடையாது என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார். நான் மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: முதல் வரிசையில உக்காந்திருக்கிற பெரியவங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் எங்க தாத்தன் இதே பறைய அடிச்சிருக்காரு. அன்னிக்கு அவருக்கு உக்கார நாற்காலி இல்ல, தண்ணி குடிக்கச் சொம்பு இல்ல. அப்ப இதுக்குச் சாதி இருந்தது. எந்தத் தேதியில போச்சுன்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும். நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு வந்தது. அடுத்த நிகழ்ச்சி பரதநாட்டியம்.

சாதி போகவில்லை அய்யா. தோல்தான் போனது.

பறையைக் காப்பாற்ற வேண்டும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அரசு சொல்கிறது, கல்லூரி சொல்கிறது, கட்சி ஊர்வலத்தில் நாலு பறை இல்லாவிட்டால் ஊர்வலமே இல்லை. இவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அதே அளவு சண்டை எங்க சனங்களோடும் உண்டு. "அந்தச் சனியனத் தலைமுழுகினாத்தான் நமக்கு விடிவு" என்று சொல்கிற தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதினைந்து வருசம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆகவே என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்களைத் திட்டுகிற யோக்கியதை வரும்.

எங்க சேரி பொம்மிடி ரயில்வே ஸ்டேசனிலிருந்து முக்கால் மணி நேர நடை. ஏற்காட்டு மலையின் முதுகு எங்களுக்கு முகம். ஊரில் ஒருத்தர் செத்தால் சொந்தக்காரனுக்குச் சேதி போவதற்கு முன்னால் எங்க வீட்டுக்கு ஆள் வரும். தெருமுனையில் நின்று ஒரே ஒரு குரல். உள்ளே யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிரசவம் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. பாதிப்பேர் பறையை எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்கு, பாதிப்பேர் எழவு சொல்ல. கடத்தூர், மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று தாத்தன் காலத்தில் எல்லாம் நடைதான். போன ஊரிலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்லணும். இதற்குக் கூலி, அறுப்பு முடிந்த களத்தில் எல்லாரும் வாங்கின பிறகு கடைசியாக நின்று முறத்தில் வாங்குகிற கேவுரு. அதைக் கூலி என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். "பறையனுக்குக் குடுக்கிறது" என்பார்கள், கோழிக்குப் போடுகிற மாதிரி.

2007ஆம் வருசம் நான் பி.ஏ. முதலாண்டு. ஊரில் ஒரு பெரிய சாவு. லீவுக்கு வந்திருந்த நான் என்ன கேடோ வேடிக்கை பார்க்கப் போனேன். பாடைக்கு முன்னால் எங்க நைனா அடித்துக்கொண்டு ஆடுகிறார். சாராயம் நிறைய உள்ளே போயிருக்கிறது. சாராயம் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது குடிக்காத யோக்கியர்களுக்குத் தெரியாது. ஒருத்தன் பத்து ரூபாய் நோட்டை மடித்துத் தரையில் நட்டு வைத்தான். நைனா பறையை நிறுத்தாமல் பின்னால் வளைந்து வளைந்து, தலை தரையைத் தொட, வாயால் அந்த நோட்டை எடுத்தார். கூட்டம் கைதட்டியது. கைதட்டினவர்களில் ஒருத்தன் என் வகுப்பு. என்னைப் பார்த்து, "செம டேலன்ட்டுடா உங்கப்பாவுக்கு" என்றான். அவன் கேலிக்குச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

அன்றைக்கு ராத்திரி கொடுவாளை எடுத்துப் பறையின் தோலைக் குறுக்கே கிழித்தேன். நைனா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "தோலு போனாப் போவுது, கட்டைய ஒடைக்காத, அது எங்கப்பன் செதுக்கினது" என்றார். வேப்பங்கட்டையை மூன்று துண்டாகச் செதுக்கி வட்டமாகச் சேர்த்து இரும்புப் பட்டை அடித்த கட்டை. அதைப் பரண்மேல் தூக்கிப் போட்டோம்.

ஒரு வீட்டில் நிறுத்தினால் ஊர் அடங்குமா? அடுத்த வீட்டைக் கூப்பிட்டது. 2012 நவம்பர் 7ஆம் தேதி நாய்க்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று சேரிகளும் கொளுத்தப்பட்டதே, அதற்குப் பிறகுதான் எங்க தெரு மொத்தமாக உட்கார்ந்து பேசியது. பொண்ணு காதலிச்சாள் என்பதற்காக வீட்டுக்கு வீடு பெட்ரோல் ஊற்றுவார்கள், மறுநாள் அவர்கள் செத்தால் நாம் போய் ஆடணுமா? இனி ஊர்ச் சாவுக்குப் போவதில்லை என்று முடிவானது. ஊர்க்காரர்கள் காட்டு வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பால் ஊற்றுவதை நிறுத்தினார்கள். ஆறு மாசம் கஷ்டம். பிறகு பிள்ளைகள் திருப்பூர், ஓசூர் என்று போனார்கள், பழகிவிட்டது.

இது என் தலையில் உதித்த யோசனை இல்லை. இதற்குப் பெரிய வரலாறு இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள் இளம் வயதிலேயே பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று சேரிகளைத் திரட்டிப் போராடியவர். பின்னால் தீண்டாமை பற்றி 1969இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான். மராட்டியத்தில் அம்பேத்கர், மகர்கள் தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் செய்யவேண்டிய வதன் ஊழியத்தை ஒழிக்க 1928லேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். ஊழியத்தை விடு, செத்த மாட்டை விடு என்பது அந்த இயக்கத்தின் முதல் பாடம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றம் என்று சொல்கிறது. கட்டாய வேலையும் அதில் குற்றம்தான். ஆனால் பறை என்ற சொல் அதில் இல்லை. இருந்திருந்தால் எத்தனையோ சேரிக்கு உதவியிருக்கும்.

ஆகவே நாங்கள் நிறுத்தியது சரி. இதை இரண்டு தடவை எழுதச் சொன்னாலும் எழுதுவேன். நிறுத்தியது சரி.

அப்புறம் என்ன நடந்தது என்பதையும் எழுதணும். நாங்கள் மாட்டேன் என்றதும் ஊர் நேராக அருந்ததியர் தெருவுக்குப் போய் நின்றது. அவர்கள் எங்களைவிட இல்லாதவர்கள். மறுக்க முடியவில்லை. எங்க விடுதலை பக்கத்துத் தெருவுக்கு நுகத்தடியாகப் போனது. அதைப் பற்றி எங்க ஆட்கள் எந்தக் கூட்டத்திலும் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

இன்னொன்று, அடிகள் போயின. நைனாவோடு அடித்தவர்கள் அய்ந்து பேர். இப்போது இருப்பது அவரும் இன்னொருத்தரும்தான். பிணத்தைக் குளிப்பாட்டும்போது ஓர் அடி, பாடை எழும்பும்போது ஓர் அடி, பாதி வழியில் இறக்கி வைத்துத் திருப்புகிற இடத்தில் ஓர் அடி, சுடுகாட்டு எல்லையில் ஓர் அடி. சின்னக் குழந்தை செத்தால் வேறு, வாழ்ந்து முடித்த கிழவன் செத்தால் வேறு. மாரியம்மனுக்கு வேறு, சாமி மலையேறுவதற்கு வேறு. எங்க சேரிக்குள் பொண்ணு பெரியவளானால் அடிக்கிற அடி ஒன்று இருந்தது. அதை ஊர்க்காரன் எவனும் கேட்டதே இல்லை, அது முழுக்க எங்களுடையது. அதுவும் சேர்ந்து போனது. நான் கிழித்தபோது இதையெல்லாம் யோசித்தேனா? இல்லை. தோலில் ஊருக்கான பக்கம், நமக்கான பக்கம் என்று கோடு போட்டா வைத்திருந்தார்கள், பார்த்துக் கிழிக்க?

போன வருசம் செல்போனில் பதிவு செய்யலாம் என்று நைனாவை உட்கார வைத்தேன். பக்கத்து ஊரில் கடன் வாங்கின பறை. கொஞ்ச நேரம் அடித்தார். போட்டுக் காட்டினேன். டப்பு டப்பு என்று கேட்டது. நைனா சிரித்தார். "இது என்னாடா, முட்டிவலிக்காரன் நடக்கிற மாதிரி இருக்குது" என்றார். பிறகு சொன்னார், ஓர் அடியிலிருந்து இன்னோர் அடிக்கு மாறுவதை முன்னால் நிற்கிறவர் சத்தத்தில் சொல்வதில்லையாம். காலில் சொல்வார், தோளில் சொல்வார், ஒரு பார்வையில் சொல்வார். அதைப் பார்த்து நாலு பேர் திரும்புவார்கள். ஆள் இல்லாமல் அடி இல்லை. ஒருத்தரை உட்கார வைத்துப் பதிவு செய்தால் கிடைப்பது எலும்புதான். எத்தனை பல்கலைக்கழகத்தில் எத்தனை நாடாப் பெட்டிகள் இப்படி எலும்பாகக் கிடக்கின்றனவோ. நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு தாளே படித்து மார்க் வாங்கினேன். இந்தக் கால் விசயம் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் பாலஸ்தீனம் பற்றி ஒரு வாக்குவாதம் வந்தது. காசாவில் 2023 அக்டோபருக்குப் பிறகு நடந்த கொலைகளைக் கண்டித்துத் தருமபுரியில் நாங்கள் கூட்டம் நடத்தினோம். கூட்டம் முடிந்து டீக்கடையில் ஒரு தோழர் சொன்னார்: "அவங்களப் பாரு தோழர், குண்டு விழும்போதும் பாட்ட விடல, ஆட்டத்த விடல. நீங்க பறையக் கிழிச்சிட்டு வந்து பண்பாடு பேசுறீங்க." அவர் நம்ம தெரு இல்லை. அதனால் அவருக்குச் சுலபமாக வாய் வந்தது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தப்கே என்று ஓர் ஆட்டம். தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று தரையை மிதித்து ஆடுவது, கல்யாண வீட்டு ஆட்டம். மண்கூரையைச் சனங்கள் சேர்ந்து மிதித்து இறுக்கியதிலிருந்து வந்தது என்பார்கள். 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டு, நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இல்லாமல் ஆக்கப்பட்டபோது, அந்த ஆட்டமும் பாட்டும் அகதி முகாம்களுக்குச் சனங்களோடு நடந்துபோயின. ரமல்லா பக்கம் அல்-பிரேயில் 1979இல் எல்-ஃபுனூன் என்ற குழு தொடங்கியது. பழைய பாட்டுகளையும் ஆட்டங்களையும் சேகரித்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1987இல் வெடித்த எழுச்சியின்போது அந்தக் குழுவினர் பலர் சிறைக்குப் போனார்கள். நாசரேத்துப் பாடகி ரீம் பன்னா, கிழவிகளோடு மறைந்துகொண்டிருந்த தாலாட்டுகளை எடுத்துப் பாடினார், 2018இல் அவர் செத்தபோது அந்தத் தாலாட்டுகள் சாகவில்லை. காசாவில் வீடிழந்த இசை ஆசிரியர்கள் கூடாரங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கருவியும் சொல்லிக்கொடுத்தார்கள். 2023 டிசம்பரில், குண்டு விழுந்துகொண்டிருந்த அதே மாசத்தில், தப்கேயைப் பாலஸ்தீனத்தின் பேரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

எல்லாம் சரி தோழர். ஆனால் ஒரு விசயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அங்கே ஆடினால் அடி. இங்கே ஆட மாட்டேன் என்றால் அடி. அவர்கள் இசையை எதிரி நிறுத்தச் சொன்னான், நிறுத்தாமல் இருந்தது போராட்டம். எங்க இசையை எதிரி நிறுத்தவே விடவில்லை, நிறுத்தினது போராட்டம். அவர்களுக்குத் தப்கே கல்யாணப் பந்தலில் கிடைத்தது. எங்களுக்குப் பறை அடுத்தவன் வீட்டுப் பிணத்துக்கு முன்னால், குனிந்த முதுகோடு கிடைத்தது. பறையன் என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் வெள்ளைக்காரன் 'பரையா' என்று அகராதியில் போட்டு, ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம் எழுதினான். உலகத்தில் எந்த மேளத்துக்காவது இந்தக் கதி உண்டா? இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் காப்பாற்று காப்பாற்று என்றால், எதை எதிலிருந்து காப்பாற்றுவது?

அதற்காக அவர்களிடம் கற்க ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. பாலஸ்தீனப் பாட்டு மேடை ஏறும்போது எங்க ஊர் இது, எடுத்துக்கொண்டவன் இவன் என்று சொல்லிக்கொண்டே ஏறுகிறது. எங்க பறை மேடை ஏறணும் என்றால் தெருப்பெயரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஏறு என்கிறார்கள். தமிழர் இசை என்று பேர் மாற்றினால்தான் நாற்காலி. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் பறை சொல்கிறது, புறநானூற்றில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நாலு குடியைச் சொல்கிறார். நானும் படித்தேன், பரீட்சையில் எழுதினேன். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின பறையனைக் கட்டிப்பிடிக்கிறவர்கள், காலனிக்குள் இருக்கிற பறையனைக் கண்டால் ஏன் ஒதுங்குகிறார்கள் என்று தமிழ்த்துறை எதிலாவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்களா?

தோல் விசயத்துக்கு வருகிறேன். மாட்டுத்தோல் சரஸ்வதிக்கு ஆகாதாம். மிருதங்கம் எதில் கட்டுகிறார்கள்? மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அதைக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். டி.எம். கிருஷ்ணா இதைப் பற்றி 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது, அது ஊரறிந்த சேதி. சபாவில் மடியில் வைத்து வாசித்தால் தோல் தெய்வீகம், தெருவில் தோளில் மாட்டி அடித்தால் தீட்டு. கேரளத்துச் செண்டையும் மாட்டுத்தோல்தான். அதை நம்ம ஊர்க்காரர்கள் இப்போது கல்யாணத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் வேன் வைத்து வரவழைக்கிறார்கள்.

கல்யாணம் என்ன, சாவுக்கே வருகிறார்கள். ஆறு மாசத்துக்கு முன்னால் ஊரில் ஒரு பெரியவர் போனார். செண்டைக்காரர்கள் வந்தார்கள். மடிப்புக் கலையாத வேட்டி, ஆளுக்கொரு நாற்காலி, இலை போட்டுச் சாப்பாடு. அவர்கள் கலைஞர்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எங்க தாத்தனுக்கு இல்லாத நாற்காலி, மலை தாண்டி வந்தவனுக்கு இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். ஊர்வலம் எங்க தெருமுனை வழியாகப் போனது. நைனா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாதி வழியில் பாடையை இறக்கி வைக்கிற இடம் எங்க வீட்டிலிருந்து தெரியும். அங்கே போனதும் செண்டை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நைனா வாய்க்குள் சொன்னார்: "எறக்கி வைக்கிற எடத்து அடி அவனுங்களுக்குத் தெரியல." அவர் விரல் திண்ணையில் அந்த அடியைத் தட்டிக்கொண்டிருந்தது. "எப்படி நைனா அது?" என்று கேட்டேன். விரலை எடுத்துக்கொண்டார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் கிழித்தது தோலை மட்டும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்க சேரி கழுவித் துடைத்து எறிந்ததை வேறு சேரிகள் வேறு மாதிரி எடுத்தன என்பதையும் சொல்லணும். 1893லேயே இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். வசைச்சொல்லை முன்பக்கத்தில் அச்சடித்தார். 1990இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தது. பொம்பளை தொட்டால் தோஷம் என்று எங்க சேரியிலேயே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது, நம்ம யோக்கியதையும் அவ்வளவுதான். மதுரை இறையியல் கல்லூரி வளாகத்தில் 1990களில் நடந்த தலித் கலைவிழாக்களும், பரட்டை அண்ணன் என்ற தியாபிலஸ் அப்பாவு போட்ட பாட்டுகளும், கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாய்ப் போய்ப் பாடியதும் பறையைப் பிணத்துக்கு முன்னாலிருந்து எடுத்துக் கூட்டத்துக்கு முன்னால் வைத்தன. இவர்கள் யாரும் தெருப்பெயரை மறைக்கவில்லை. 2018 சனவரியில் சென்னையில் ரஞ்சித்தின் ஏற்பாட்டில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பிள்ளைகள் மேடையேறினார்கள். சாதி இல்லை என்று சொல்லிச் சாதியை மூடவில்லை, மாட்டுக்கறியைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் கானாவில் பாடினார்கள். அலங்காநல்லூர்க்காரர் வேலு ஆசான் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் அடித்து, பிறகு ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நைனாவுக்கு டி.வி.யில் காட்டினேன். "நம்ம ஆளா?" என்று கேட்டார். நம்ம ஆள்தான் என்றேன். ரெண்டாவது தடவை செய்தியில் வரும்வரைக்கும் டி.வி.யை அணைக்க விடவில்லை.

மராட்டியத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஊழியத்தை விடு என்று சொன்ன அதே அம்பேத்கர் இயக்கத்துக்குள்ளிருந்துதான் 1930களில் பீமராவ் கர்டக் மாதிரி ஆட்கள் தமாஷா மெட்டை எடுத்து அம்பேத்கரிய ஜல்சாவாகப் பாடினார்கள். மறுத்த கைதான் பிறகு எடுத்தது. மறுக்காமல் எடுத்திருந்தால் அது தொண்டூழியத்தின் தொடர்ச்சி. மறுத்துவிட்டு எடுக்காமலே இருந்தால் நம்ம தாத்தன் செதுக்கின கட்டை பரண்மேல் உளுத்துப் போகும். எங்களுக்கு நடந்தது அதுதான். எடுப்பதற்கு யாருக்குத் தெரிந்ததோ அவர்கள் செத்துக்கொண்டிருக்க, நாங்கள் மறுத்த பெருமையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

நகரத்தில் சனி ஞாயிறு பறை வகுப்பு நடக்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் காசு கட்டிக் கற்கிறார்கள். கற்கட்டும், நல்லதுதான். யார் வேண்டுமானாலும் பறையைத் தொடட்டும், தொட்டால் தீட்டு என்று நாம் ஒரு நாளும் சொல்ல மாட்டோம். ஆனால் கற்றுக்கொண்டவன் மேடையில் ஏறி, யாரிடம் கற்றேன், அவர் எந்தத் தெரு, அவரை ஊர் எப்படிக் கூப்பிட்டது என்று சொல்லணும். சொல்ல வாய் கூசினால் குச்சியைக் கீழே வைத்துவிடணும். வாய்ப்பாட்டுக் கச்சேரியில் குரு பேரைச் சொல்லிக் காதைத் தொட்டுக் கும்பிடுகிறார்களே, எங்க ஆசான்களுக்கு மட்டும் என்ன பேர் இல்லையா?

அக்கா மகள்தான் ஆரம்பித்து வைத்தாள். அந்த ஆண்டுவிழா முடிந்து வீட்டுக்கு வந்தவள், "மாமா, தாத்தாவோட கட்டை மேல இருக்குதாமே, அதுக்குத் தோலு கட்டலாமா?" என்றாள். கட்டினோம். புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அரைத்துப் பசை காய்ச்சினார் நைனா, கட்டையில் ஒட்டி இழுத்துக் கட்டிக் காயவைத்தார். வலது கைக்குப் பூவரசங்குச்சி, இடது கைக்கு மூங்கில் சிண்டு. வைக்கோலைக் கொளுத்தி நெருப்புக் காட்டி முதல் அடி அடித்தபோது எதிர்வீட்டு ஆயா வெளியே ஓடிவந்து, "யாருடா செத்தது?" என்று கேட்டது. யாரும் சாகல ஆயா என்று சொன்னால் நம்பவில்லை. எங்க தெருவில் பறைச்சத்தத்துக்கு வேறு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

மார்ச்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பையன்கள் ஏழு, பொண்ணுகள் நாலு. கறாராகச் சில முடிவு உண்டு. ஊர்ச் சாவுக்குப் போவதில்லை, எவ்வளவு பணம் கொடுத்தாலும். நம்ம தெருச் சாவுக்கு அடிப்போம், காசு வாங்க மாட்டோம். ஏப்ரல் 14க்கு அடித்தோம். மேடைக்குக் கூப்பிட்டால் தோல் பறையோடுதான் வருவோம், நாற்காலி போடணும், தெருப்பெயரைச் சொல்லுவோம். இதுவரைக்கும் இரண்டு இடத்தில் கூப்பிட்டு, இதைக் கேட்டதும் மறுபடி பேசுகிறோம் என்று போனை வைத்தார்கள்.

எங்க தெருவிலேயே எதிர்ப்பு இருக்கிறது. 2012இல் என்னோடு நின்ற ஒரு சித்தப்பா இப்போது என்னோடு பேசுவதில்லை. "நீ எம்.ஏ. படிச்சவன், உனக்கு இது கலை. நாளைக்கு ஊர்க்காரன் வந்து, அதான் அடிக்கிறீங்களே, வந்து அடின்னு சொன்னா, உன் பேச்சு கேக்குமா இந்தப் பிள்ளைங்க?" என்கிறார். அவர் கேள்வியை நான் சுலபமாக ஒதுக்கவில்லை. பிள்ளைகளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். மாட்டேன் என்று சொல்வதற்கும் அவர்களுக்குப் பழக்கம் வேணும், அதையும் சேர்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுக்கிறோம் என்றேன். சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நைனாவுக்கு அடிகள் பாதி மறந்துவிட்டது. அதனால் அருந்ததியர் தெருவில் ஒரு பெரியவரிடம் போனேன். நாங்கள் கைகழுவின வேலை அவர் தலையில்தான் விழுந்திருந்தது. முதல் நாள் அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்க விட்டதாலதான சாமி நாங்க மாட்டினோம்" என்றார். என்னைச் சாமி என்றார். அப்படிக் கூப்பிடாதீங்க மாமா என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். ஒரு தெருக்காரன் இன்னொரு தெருக்காரனை முறை வைத்துக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை, எனக்கும் இல்லை. வருகிறேன் என்றார். வந்தார். இறக்கி வைக்கிற இடத்து அடி அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அடிக்க, நைனா பக்கத்தில் போய் நின்றுகொண்டார், இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் திரும்பியது. பிள்ளைகள் அந்தக் காலைத்தான் பார்த்தார்கள்.

அவர் இன்னும் ஊர்ச் சாவுக்குப் போகிறார். போகாதீங்க என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. போகாவிட்டால் அவர் வீட்டில் அடுப்புக்கு நான் என்ன வைத்திருக்கிறேன்? அவர் தெருப்பையன்களும் நம்ம பையன்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசணும், ஓர் ஊரில் இரண்டு சேரியும் சேர்ந்து மாட்டேன் என்றால்தான் ஊர் செண்டையோடு நிற்கும். அந்தப் பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, சரியாகப் போகவில்லை. நம்ம தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவருக்குத் திண்ணையில் டீ கொடுக்க யோசித்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பேர் வேண்டாம், படித்தால் அவர்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு பிள்ளைகள் அஞ்சு மணிக்கே வந்துவிட்டார்கள். வைக்கோல் கொளுத்தி, பறையைக் காய்ச்சி, வரிசையாக நின்றார்கள். ஆறரை வரைக்கும் பார்த்தோம். பெரியவர் வரவில்லை. ஊரில் சாவு.